ஓய்வும் ஒப்புரவும்

கச்சிபௌலியைச் சுற்றி நிற்கும் கருங்கற் பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது என்பர் நிலவியலார். யாரோ ஒருவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு மறந்துபோனவை போல அவை நிற்கின்றன. அவற்றின் நடுவே 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை ஓடுகிறது. கண்ணாடி மாளிகைகள் எழுந்துள்ளன. அவற்றுள் இரவையும் பகலாக்கி நாம் பணிபுரிகின்றோம். 'பௌலி' என்பது இப்பக்கத்தில் படிக்கிணற்றுக்கு வழங்கும் பெயர். 'கச்சி' என்று காதில் விழுந்தால் தமிழராகிய நமக்கோ காஞ்சி மாநகரம் நினைவுக்கு வரும். கிணற்றின் பெயர் தாங்கிய ஊரில் வாழ்ந்தும், ஒரு கணம் நின்று நீர் பருக நேரமில்லாதவர்களாக நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதை மறுப்பார் நம்முள் எவரும் இலர்.

இத்தகைய ஊரில், ஐப்பசித் திங்களில் தீபாவளிக்கு மறுவாரம், நண்பர் ஒருவர் இல்லத்தில் சில தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்தோம். அந்த நண்பரும் அவர்தம் மனைவியாரும் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி இத்தாலி நாட்டின் திராட்சை மலைகளில் பன்னிரண்டு நாள் தங்கித் திரும்பியிருந்தனர். பத்து நாளில் ஏழு நாடு காட்டும் சுற்றுலா அன்று அது. வடக்கே பீட்மாண்ட் மாநிலத்து லாங்கே குன்றுகளில் ஆறு நாள், பின்னர் டஸ்கனியின் கியாந்திப் பகுதியில் ஆறு நாள், அவ்வளவே. காலையில் பள்ளத்தாக்கை மூடியிருக்கும் மூடுபனி விலகும்வரை பார்த்திருப்பது, கொடிகளின் இலை பொன்னாகவும் செம்பாகவும் மாறுவதை நோக்கி நடப்பது, நண்பகல் உணவை மூன்று மணிநேரம் உண்பது. நூற்றாண்டுகள் பழைமை வாய்ந்த கல்வீடு ஒன்றில் தங்கினராம். அதற்கு அவர்கள் கொடுத்த வாடகையைக் கேட்டபோது நம்முள் சிலர் மூச்சை அடக்கிக்கொண்டனர்.

படங்களைச் சுவரில் விழுமாறு பெரிதாக்கிக் காட்டினார் நண்பர். அனைவரும் வியந்தனர். கம்பத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் வியக்கவில்லை. இளமையில் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களுக்குக் கீழே கூலிக்குப் பழம் வெட்டியவர் அவர். கல்வீட்டின் படத்தை நெடுநேரம் நோக்கியிருந்துவிட்டு, "ஏன் தம்பி, இந்த வீட்டுல முன்னாடி குடியிருந்தவுக எல்லாம் எங்க போனாக?" என்று கேட்டார்.

நண்பரிடம் அதற்கு விடை இல்லை. நம்மிடமும் இல்லை. பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று. எனினும் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. நிதானமாகவும் வளமாகவும் பயணம் செய்வது அறத்தின்பாற்பட்டதா, அன்றா என்ற பெரியதொரு கேள்விக்குள் நுழையும் வாயில் அது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இக்கேள்விக்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. தாம் உழைத்து ஈட்டிய பொருளைத் தாம் விரும்பியவாறு செலவிடுவதில் பிறர் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது ஒன்று. ஏழைகள் நிறைந்த நாட்டில் இத்தகைய செலவு வீண் ஆரவாரம் என்பது மற்றொன்று. முன்னது பொருளின் வரலாற்றை மறந்துவிடுகிறது. பின்னது ஓய்வின் அருமையை மறந்துவிடுகிறது. இரண்டையும் ஒதுக்கிவைத்து, முதலில் ஓய்வுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட்டு மேலே செல்வோம்.

நிதானத்தை ஓர் இயக்கமாகவே ஆக்கியவர்கள் இத்தாலியர். 1986 இல் உரோமாபுரியின் ஸ்பானியச் சதுக்கத்தருகே அமெரிக்க விரைவு உணவுக்கடை ஒன்று திறக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பிலிருந்து, லாங்கே குன்றுகளை அடுத்த பிரா என்னும் சிற்றூரினராகிய கார்லோ பெட்ரினி என்பார் 'நிதான உணவு' இயக்கத்தைக் கண்டார். 1989 இல் பாரிசு நகரில் அதன் கொள்கை அறிக்கை கையொப்பமாயிற்று. நத்தை அதன் சின்னம். 1999 இல் கியாந்தியின் கிரேவே உள்ளிட்ட சில ஊர்கள் கூடி 'நிதான நகரங்கள்' என்ற அமைப்பை நிறுவின. அம்மண்ணின் தொழிலும் அத்தகையதே. பரோலோ என்னும் மதுவைக் குறைந்தது 38 மாதம், அவற்றுள் 18 மாதம் மரப்பீப்பாயில், வைத்திருந்த பின்னரே விற்கலாம் என்பது அங்குள்ள சட்டம். எத்துணைச் செல்வரும் அக்காலத்தைச் சுருக்க இயலாது.

நிதானம் நமக்கும் புதிதன்று. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து காவடி சுமந்து பழனிக்கு நடந்தே செல்லும் நகரத்தார் மரபு தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. பேருந்து வந்தபின்னும் அவர்கள் நடையை விடவில்லை. நடையே வழிபாடு என்பது அவர்கள் கொள்கை. சோம்பல் வேறு, நிதானம் வேறு என்பதையும் நம் முன்னோர் நன்கறிவர். 'மடியின்மை' என்று ஓர் அதிகாரம் வகுத்துச் சோம்பலைக் கடிந்த வள்ளுவரே, 'காலமறிதல்' என்று மற்றோர் அதிகாரம் வகுத்துக் காத்திருத்தலின் ஆற்றலைப் போற்றினார். ஆகவே ஓய்வை நாடிச் சென்றதற்காக நண்பரை எவரும் குறைகூற வேண்டுவதில்லை.

மதுவை நாடிச் செல்லலாமோ எனச் சிலர் கேட்கக்கூடும். யவனர் கலங்களில் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியமையைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியுள்ளார். 1945 இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. இத்தாலியத் திராட்சைக்கும் தமிழகத்துக்கும் உள்ள உறவு அத்துணைப் பழைமையானது. அதே தமிழில்தான் 'கள்ளுண்ணாமை' என்ற அதிகாரமும் எழுந்தது. நம் நண்பர் குடிப்பவர் அல்லர். அவர் கண்டது கொடியையும் குன்றையுமே. ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. விரைந்து பொருள் சேர்க்கும் வேட்கை மதுவில் கலக்கும்போது அது நஞ்சாகிறது. 1986 இல் இத்தாலியிலேயே மெத்தனால் கலந்த மலிவு மதுவால் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 சூன் திங்களில் நம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செல்வர் பருகும் மது 38 மாதம் காத்திருக்கிறது. ஏழை பருகும் மதுவுக்கோ ஓரிரவு காத்திருக்கவும் விற்பவனுக்குப் பொறுமை இல்லை. நிதானமும் செல்வர்க்கே உரியதாகிவிடுகிறது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

இனி மூதாட்டியின் வினாவுக்கு வருவோம். கியாந்தியின் அக்கல்வீடுகளில் முன்பு வாழ்ந்தவர் யாவர்?

நம் ஊர் வாரக் குடிகளைப் போன்ற உழவரே அவர்கள். 'மெட்சாத்ரியா' என்ற முறையில் நிலம் உடையவர்க்கு விளைவில் பாதி, உழுத குடும்பத்துக்குப் பாதி. இம்முறை டஸ்கனியில் பல நூற்றாண்டுகள் நிலவிற்று. வீடும் நிலவுடைமையாளருடையதே. அக்குடும்பத்தில் ஒரு திருமணம் நிகழவும் பல இடங்களில் அவர் ஒப்புதல் வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலைகள் பெருகியபோது, 1950களிலும் 1960களிலும் இளைஞர் கூட்டங்கூட்டமாக நகர்களுக்குப் பெயர்ந்தனர். 1964 இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடுத்தது. 1982 இல் எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற வழிசெய்தது. அதற்குள் பல வீடுகள் வெறிச்சோடிவிட்டன. பின்னர் அவ்வீடுகளை வெளியூர்ச் செல்வர் வாங்கிப் புதுக்கினர். 1985 இல் பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் தொழிலுக்கெனத் தனிச்சட்டமே வந்தது. ஆடும் மாடும் நின்ற கீழ்த்தளம் இன்று விருந்தினர் உண்ணும் கூடமாக விளங்குவதை அப்பக்கத்தில் காணலாம்.

லாங்கே குன்றுகளின் கதையும் இதனின் வேறன்று. 2014 இல் யுனெஸ்கோ அத்திராட்சை நிலத்தோற்றத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆனால் அதே மண்ணில் பிறந்த பெப்பே ஃபெனோலியோ 1954 இல் எழுதிய புதினம், வறுமையால் பண்ணை வேலைக்கு அனுப்பப்பட்ட ஓர் இளைஞனின் துயரைச் சொல்கிறது. நூட்டோ ரெவெல்லி அம்மாவட்டத்து முதிய உழவர்களின் வாய்மொழியைக் கேட்டுத் தொகுத்து 1977 இல் நூலாக்கினார். தோற்றவர்களின் உலகம் என்பது அதன் பெயர். மண்ணில் தோற்றவர்களின் மக்கள் தூரின் நகரத்து மகிழுந்து ஆலைகளுக்குச் சென்றனர். இரவுப் பணிக்கும் பகற்பணிக்கும் மணியடித்து அழைக்கும் ஆலை அது. நிதானத்தின் தாயகம் என்று இன்று போற்றப்படும் மண்ணின் மைந்தர், விரைவின் வாயிலில் போய் நின்றனர். புலம்பெயர்ந்தோராகிய நமக்கு இக்கதை அயலாகத் தோன்றுகிறதா?

இன்று அந்நாட்டின் வயல்களிலும் தோட்டங்களிலும் பறிக்கும் கைகளுள் பெரும்பகுதி கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்தவை. இடைத்தரகர் கொடுமையை ஒடுக்க 2016 இல் இத்தாலி தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. அதற்குப் பின்னரும், 2024 சூன் திங்களில், உரோமாபுரிக்குத் தெற்கே லத்தீனாப் பகுதியில் இந்தியத் தொழிலாளர் ஒருவரின் கை பண்ணை எந்திரத்தில் சிக்கித் துண்டாயிற்று. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாது அவரை வீட்டு வாயிலில் இறக்கிவிட்டுச் சென்றனர். அவர் இறந்தார். அவரும் நம்மைப் போல் பொருள்வயிற் பிரிந்தவரே.

பிறர் நாட்டைக் குறைகூறி நம் நாட்டை மறப்பது முறையன்று. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்டு எழுப்பிய மாளிகைகள் தெருத்தெருவாக நிற்கின்றன. பர்மாவில் ஈட்டிய செல்வம் அவற்றைக் கட்டிற்று. 1942 இல் சப்பானியப் படையெடுப்பும், 1948 இல் அந்நாட்டின் நிலவுடைமைச் சட்டமும் அச்செல்வத்தை அழித்தன. உரிமையாளர் பல ஊர்களுக்குப் பிரிந்தனர். ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் அவ்வீடுகளுள் சில இன்று விருந்தினர் விடுதிகள். வெளிநாட்டார் அங்கு வந்து, முற்றத்து மழையைப் பார்த்தவாறு நிதானமாகக் காப்பி பருகுகின்றனர். அவ்வீட்டில் பிறந்த பேரன் கச்சிபௌலியிலோ கலிபோர்னியாவிலோ கணினியின் முன் அமர்ந்து அவசரமாகக் காப்பி பருகுகிறான்.

நாம் குடியிருக்கும் மண்ணையும் கேட்போம். ஹைதராபாத்தைச் சுற்றி ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டங்கள் செழித்திருந்தன. 'அனாபே ஷாஹி', அதாவது அரசத் திராட்சை, என்ற பெயர்பெற்ற வகை இந்நகரின் வழியாகவே நாட்டில் பரவிற்று. நமக்கு அண்மையிலுள்ள ராஜேந்திரநகரில் திராட்சைக்கென ஆராய்ச்சி நிலையமே உண்டு. நகரம் விரிந்தது, நிலத்தின் விலை ஏறிற்று, நீர் கீழே இறங்கிற்று, தோட்டங்கள் மனைகளாயின. இங்கே பாறையாகவும் மேய்ச்சல் நிலமாகவும் கிடந்தவையும் அடுக்குமாடிகளாயின. 'முன்னாடி குடியிருந்தவுக எங்க போனாக?' என்ற வினாவை இத்தாலியக் கல்வீட்டை நோக்கி மட்டும் கேட்டு நிறுத்த இயலுமா? நம் பதினான்காம் மாடியை நோக்கியும் அது கேட்கப்படத்தான் வேண்டும்.

அவ்வாறாயின் பயணம் போகாமலும் மாடியில் வாழாமலும் இருந்துவிடுவதே அறமோ? அன்று. விருந்தினர் வராவிடின் அக்கல்வீடுகள் இடிந்திருக்கும். கானாடுகாத்தான் மாளிகைகளின் தேக்குத் தூண்கள் பெயர்த்து விற்கப்பட்டிருக்கும். பயணிகள் தரும் பொருளால் இளைஞர் சிலர் ஊருக்குத் திரும்பியதும் உண்டு. குற்றவுணர்வு மட்டும் யாருடைய கூலியையும் உயர்த்துவதில்லை. வருந்திவிட்டோம் என்ற நிறைவோடு நம்மை உறங்கச் செய்துவிடும் அபாயமும் அதற்கு உண்டு.

பின் எதனை அளவுகோலாகக் கொள்வது? வள்ளுவர் 'ஈகை'க்கு முன்பாக 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஈகை இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்தலை அறிவது. செல்வம் உடையவன் தன்னை ஊரின் ஓர் உறுப்பாக உணர்வது. பொருளுக்கு மட்டும் உரியதாக அதனை நாம் எண்ணிவந்துள்ளோம். காலத்துக்கும் அது உரியது என்றே கருதுகிறோம். ஏனெனில் இக்காலத்தில் பொருளினும் அரிய செல்வம் நேரம். அதனை உடையவனே செல்வன். அதனை இழந்தவனே வறியவன். ஒருவருடைய நிதானம் மற்றொருவருடைய ஓட்டத்தின் மேல் நிற்குமாயின், அது எத்துணை அழகியதாயினும் ஒப்புரவு ஆகாது.

இதனைச் சோதிக்க இத்தாலிக்குப் போக வேண்டுவதில்லை. அன்று நாம் கூடியிருந்த இல்லத்துக்கு உணவு கொண்டுவந்த இளைஞரை நினைத்துப் பார்க்கிறோம். நிதானமாக உண்ணும் கலையைப் பற்றி நண்பர் பேசிக்கொண்டிருந்த வேளையில், அவ்விளைஞர் எத்தனை மணித்துளியில் வருவார் என்பதை நாம் கைப்பேசியில் மும்முறை பார்த்தோம். மழையில் நனைந்து வந்தவரை வாயிற்காவலர் கீழே நிறுத்தி, வேலையாட்களுக்கான மின்தூக்கியைக் காட்டினார். அது வந்து சேர நேரமாயிற்று. தாமதத்தை நம்முள் ஒருவர் கடிந்துகொண்டார். நாம் எவரும் அவரை மறுத்துப் பேசவில்லை. மூன்று மணிநேர நண்பகல் விருந்தைப் புகழ்ந்த நாவே, எட்டு மணித்துளித் தாமதத்தைப் பொறுக்கவில்லை. இதனை நாம் மறைக்காது எழுதுவது, குற்றம் எங்கோ தொலைவில் இல்லை என்பதை நமக்கு நாமே நினைவூட்டிக்கொள்ளவே.

மற்றொரு கடனும் நமக்கு உண்டு. பொருள்வயிற் பிரிந்த தலைவன் கார்காலத்தில் மீள்வதாகச் சொல்லிப் போவதும், தலைவி மேகத்தை நோக்கிக் காத்திருப்பதும் நம் அகப்பாடல்கள் நன்கறிந்த காட்சி. மழைக்காலம் தமிழனுக்கு வீடு திரும்பும் காலம். இன்றும் ஐப்பசியில் சார்மினார் விரைவு வண்டியில் இடம்பிடிக்க நாம் விடியற்காலையில் விழித்திருக்கிறோம். ஆயினும் எத்தனை நாள் தங்குகிறோம்? வெள்ளி இரவு புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்புகிறோம். அயலாரின் பழைய வீட்டில் பன்னிரண்டு நாள். நாம் பிறந்த பழைய வீட்டில் இரண்டு நாள். அங்கே மூடுபனி விலகும்வரை பார்த்திருந்த நாம், இங்கே தாய் ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கும்வரை பார்த்திருக்கிறோமா? நிதானத்தை விலைகொடுத்து வாங்கலாம் என எண்ணுகிறோம். அறையும் காட்சியும் விலைக்குக் கிடைக்கும். ஒருவருக்கு நம் காலத்தை முழுமனத்தோடு கொடுக்கும் பண்பு எங்கும் விலைக்குக் கிடைப்பதில்லை. பழகித்தான் பெற வேண்டும்.

ஆதலால் பயணம் செய்வோம். வசதி உண்டெனின் நன்றாகவே செய்வோம். தங்கும் வீட்டில் முன்பு வாழ்ந்தோர் யாவர் என்று கேட்டறிவோம். நாம் பார்த்து மகிழும் கொடியில் பழம் பறித்தவர் பெறும் கூலி என்ன என்று கேட்போம். அதனை மறைக்காது சொல்லும் தோட்டத்தையே நாடுவோம். நமக்காக ஓடுபவர் ஓட்டத்தைச் சற்றே குறைப்பது நம் கையில் இருக்குமாயின் குறைப்போம். தொலைவில் கற்ற நிதானத்தை வீட்டுக்குக் கொண்டுவருவோம். கொண்டுவர இயலாதெனின் நாம் கண்டது வெறும் காட்சியே.

அன்றிரவு விடைபெறும்போது நண்பர் அம்மூதாட்டியின் அருகில் சென்று அமர்ந்தார். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அவரிடம் சொன்னார். அவர் அதனைப் பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை. பந்தலின் கீழே நாள் முழுதும் கையை உயர்த்தி நின்றால் பிடரி எப்படி வலிக்கும் என்பதைச் சொன்னார். பழத்தின் மேலுள்ள வெண்துகள் அழியாமல் காம்பைப் பிடித்து வெட்டும் முறையைக் கையால் செய்து காட்டினார். நண்பர் கைப்பேசியை எடுக்காது கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர், "அம்மா, வருகிற விடுமுறையில் நாங்களும் உங்களோடு கம்பத்துக்கு வரலாமா? பழம் வெட்டுகிற நாளில் வந்தால் பார்க்க நன்றாக இருக்குமே" என்றார்.

மூதாட்டி சற்றே சிந்தித்தார். "வாங்க தம்பி, வந்து பத்து நாள் இருங்க. ஆனா பழம் வெட்டுற நாள்ல வேணாம். அவுக வேலைக்கு இடைஞ்சலா இருக்கும். வேலை ஓஞ்ச நாளாப் பாத்து வாங்க, அவுகளும் உக்காந்து பேசுவாக" என்றார்.